தம்பிக்குத் தேசிய சேவை, வீட்டுக்கே ஒரு பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி ஆகிவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். அம்மா சமையலறையில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். அப்பா தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார், ஆனால் பார்க்கமாட்டார். வெளியே மூங்கில் கழியில் காயும் பச்சை நிற டி-சட்டைகளைத் தம்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் அடுக்குவான். ஆறு மணிக்கெல்லாம் லேக்சைடு நிலையத்தில் ரயில் ஏறினால்தான் தீவின் மறுமுனையில் இருக்கும் பாசிர் ரிஸுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். அங்கிருந்து பேருந்து, பிறகு படகு, பிறகு புலாவ் தேக்கோங்.

கடந்த ஜனவரியில் என் தம்பி தேசிய சேவையில் சேர்ந்தபோது அவனுக்கு 18 வயது. தொடக்கக் கல்லூரியை முடித்த கையோடு போனான். அந்த ஒன்பது வாரங்களும் அதற்குப் பிறகு வந்த மாதங்களும் அவனுக்குக் கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். எங்களுக்கும் கடினமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு கட்டாயத் தேசிய சேவை தொடங்கியது. இதுவரை பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆண்கள் சேவையாற்றியிருக்கிறார்கள். அதாவது பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் ஒரு தாயோ, தந்தையோ, உடன்பிறப்போ, மனைவியோ காத்திருந்திருக்கிறார்கள். சேவையாளரின் உடலுறுதி, பயிற்சி, பாதுகாப்பு பற்றி நிறையப் பேசுகிறோம். வீட்டில் இருப்பவர்களின் மனம் பற்றிப் பேசுவது குறைவு.

‘பட்டாளம்’ என்ற சொல்

என் அம்மா மன்னார்குடியில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி இங்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த ‘பட்டாளம்’ வேறு. அவர் ஊரில் பக்கத்துத் தெருப் பையன் ராணுவத்தில் சேர்ந்து காஷ்மீர் எல்லைக்குப் போனான். ஆண்டுக்கு ஒரு முறை இரும்புப் பெட்டியோடு வருவான். மற்ற நாளெல்லாம் அவன் தாய் தபால்காரரைப் பார்த்தாலே பயந்து எழுந்து நிற்பாராம். “தம்பி பட்டாளத்துக்குப் போறான்” என்று எண்ணும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்தப் பெண்மணியின் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

அப்பா இங்கேயே பிறந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டரை ஆண்டு சேவை செய்தவர். 2004ஆம் ஆண்டில்தான் முழுநேர தேசிய சேவை இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அதனால் அம்மா எதைச் சொல்லிக் கவலைப்பட்டாலும் அப்பாவின் பதில் ஒன்றுதான்: “எங்க காலத்துல கைப்பேசியே இல்ல. இப்ப ராத்திரி பேசவாவது முடியுது. எல்லாப் பிள்ளைங்களும்தானே போறாங்க?”

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால், “எல்லாரும்தானே” என்ற சொல் அம்மாவின் வாயை அடைத்துவிட்டது. எல்லாருக்கும் நடப்பதைப் பற்றித் தான் மட்டும் கவலைப்படுவது தவறோ என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

சேர்க்கை நாளன்று நாங்கள் மூவரும் அவனோடு படகில் போனோம். தங்குமிடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். புதியவர்கள் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு உணவுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டோம். சைவ உணவும் உண்டு என்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அம்மா தட்டில் கைவைத்தார். விடைபெறும்போது தம்பி சிரித்துக்கொண்டேதான் கையசைத்தான். படகில் திரும்பும்போது எங்களைச் சுற்றிப் பல மொழி பேசும் தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார்கள்.

இருந்தும் இல்லாதவர்

பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும் உளவியல் பாடம் ஒன்றில் போலின் போஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர் அவர். ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் துக்கம் காக்கலாம். காணாமற்போனால்? துக்கம் காக்கவும் முடியாது, நம்பிக்கையை விடவும் முடியாது. இதைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று அவர் அழைத்தார். இதில் இரண்டு வகை உண்டு என்றும் விளக்கினார். ஒருவர் உடலால் இல்லாமல் மனத்தில் நிறைந்திருப்பது ஒன்று. உடலால் அருகில் இருந்தும் மனத்தால் எங்கோ இருப்பது மற்றொன்று.

தேக்கோங்கை வியட்நாம் போருடன் ஒப்பிடுவது சரியாகாது. எங்கள் தம்பி போருக்குப் போகவில்லை. வார இறுதியில் வீட்டுக்கு வந்துவிடுகிறான். ஆனாலும், அந்த இரண்டு வகையையும் படித்தபோது எங்கள் வீட்டின் சிறு உருவம் அதில் தெரிந்தது.

முதல் வகை, தொடக்க வாரங்களில். வீட்டுக்கு வர அனுமதி இல்லாத அந்த நாள்களில் அம்மா நான்கு பேருக்கே சமைத்தார். இரவில் கைப்பேசி கொடுக்கப்படும் நேரம் தெரிந்துவிட்டதால் அரை மணி நேரம் முன்பே கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அழைப்பு வந்தால், “சாப்பிட்டியா ராஜா?” என்பார். “சாப்பிட்டேன்மா.” “தூங்குனியா?” “தூங்குனேன்மா.” அவ்வளவுதான். ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அம்மா இருட்டில் உட்கார்ந்து அவன் கடைசியாக வாட்ஸ்அப்புக்கு வந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வகை, வார இறுதிகளில். வெள்ளிக்கிழமை இரவோ சனிக்கிழமையோ வருவான். வந்தவன் தூங்குவான், எழுந்து நண்பர்களோடு வெளியே போவான், மறுபடி தூங்குவான். ஐந்து நாள் காத்திருந்த அம்மாவுக்குக் கிடைப்பது அவன் துவைக்கப் போடும் துணிதான். அதைச் சொல்லிக் கேட்டால் அவனுக்கு எரிச்சல் வரும். அவன் எரிந்து விழுந்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். ஞாயிறு மாலைக்குள் எல்லாரும் மௌனமாகிவிடுவோம்.

இதுவும் எங்களுக்கு மட்டும் நடப்பதன்று. ராணுவப் பணிக்காகக் குடும்பத்தைப் பிரிபவர்களின் வீடுகள் கடந்து செல்லும் உணர்ச்சிப் படிநிலைகளை அமெரிக்க ராணுவ மனநல நிபுணர்கள் 2001இல் ஐந்து கட்டங்களாக விவரித்தார்கள். புறப்படுவதற்கு முன், புறப்பட்ட முதல் மாதம், பழகிப்போகும் காலம், திரும்புவதற்கு முந்தைய காலம், திரும்பிய பின். பிரிவு மட்டுமன்று, திரும்பி வருவதும் சிரமம்தான் என்பது இதில் முக்கியம். போனவரும் மாறியிருப்பார், வீடும் மாறியிருக்கும். யார் எந்த வேலையைச் செய்வது, யார் எதை முடிவெடுப்பது என்பதெல்லாம் மறுபடி பொருந்த நேரம் எடுக்கும்.

பிரிவின் நீளத்துக்கும் மனநலத்துக்கும் தொடர்பு இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2010ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, அமெரிக்க ராணுவ வீரர்களின் மனைவியர் 250,000க்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. கணவர் போர்ப்பணியில் அதிக மாதங்கள் இருந்த பெண்களிடம் மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, பதற்றம் ஆகியவை அதிகமாகப் பதிவாகியிருந்தன. அது போர்க்காலம், வேறு நாடு. எனினும், சீருடை அணிபவரின் சுமையில் ஒரு பகுதி வீட்டுக்கும் வருகிறது என்ற அடிப்படை உண்மை இங்கும் பொருந்தும்.

அக்காவின் குற்ற உணர்வு

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம் இல்லை. நான் 19 வயதில் பல்கலைக்கழகம் சேர்ந்தேன். தம்பி சேரும்போது அவனுக்கு 20 வயது கடந்திருக்கும். அவன் களப்பயிற்சியில் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் படுத்திருந்த இரவில் நான் குளிரூட்டப்பட்ட நூலகத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குக் குறை சொல்ல என்ன உரிமை என்ற எண்ணத்தில், அவனை எதுவும் கேட்காமலே இருந்துவிட்டேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

என் தோழிகளிடம் பேசியபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. ஒரு தோழியின் தாயாருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு. மருத்துவமனைக்குத் துணை போய்க்கொண்டிருந்தது அவளுடைய அண்ணன். அவர் சேவைக்குப் போனதும் அந்தப் பொறுப்பு இவளுக்கு வந்தது. அண்ணனுக்கோ முகாமில் உடல், வீட்டில் மனம். மூன்று மாதம் கழித்துத்தான் மேலதிகாரியிடம் நிலைமையைச் சொன்னார். சொன்ன பிறகு சிகிச்சை நாள்களில் அவருக்கு அனுமதி கிடைத்தது. “முதல் வாரமே சொல்லியிருக்கலாம்” என்று அவள் இப்போது வருந்துகிறாள்.

முழுநேரச் சேவையோடு இது முடிவதுமில்லை. அதன்பின் போர்க்காலப் படைவீரராக ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை பயிற்சிக்கு அழைக்கப்படலாம். உறவில் எனக்கு அண்ணி முறையாகும் ஒருவருக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆனபோது கணவருக்கு இரண்டு வாரப் பயிற்சி வந்தது. “இரண்டு வாரம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். இரவு மூன்று மணிக்குக் குழந்தை அழும்போது அந்த இரண்டு வாரம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத்தான் தெரியும்” என்றார் அவர்.

பாதுகாப்பு குறித்த அச்சமும் மனத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த பயிற்சியில் காயமடைந்து நடிகர் அலோஷியஸ் பாங் உயிரிழந்த செய்தியை எங்கள் பெற்றோர் இன்றும் மறக்கவில்லை. அதன்பின் சிங்கப்பூர் ஆயுதப் படை பயிற்சிகளின் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பை மறுஆய்வு செய்தது. பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தையும் அமைத்தது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால், நள்ளிரவில் ஒரு தாயின் மனத்தில் எழும் கேள்விக்கு அறிக்கை மட்டும் பதிலாகிவிடாது.

“ஒண்ணுமில்லக்கா”

அடிப்படைப் பயிற்சி முடிந்து தம்பி காலாட்படைப் பிரிவு ஒன்றுக்குப் போனான். தீவில் கிடைத்த நண்பர்கள் வேறு வேறு முகாம்களுக்குப் பிரிந்துவிட்டார்கள். அப்போதுதான் மாற்றம் தெரிந்தது. வார இறுதியில் நண்பர்களோடு வெளியே போவதை நிறுத்தினான். அம்மா ஆசையாகச் செய்த மீன் குழம்பைப் பாதி சாப்பிட்டு எழுந்தான். சனிக்கிழமை மதியமே, “நாளைக்குப் போகணும்ல” என்றான். எது கேட்டாலும், “ஒண்ணுமில்லக்கா.”

களைப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். நான்கு வாரமாகியும் அது மாறவில்லை. மனநலக் கழகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட தேசிய ஆய்வில், 15 முதல் 35 வயது வரையிலான இளையர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்த அறிகுறிகள் இருப்பதாகத் தெரிவித்திருந்தார். அந்த ஆய்வு தேசிய சேவை பற்றியதன்று. ஆனால், என் தம்பியின் வயது அந்த வயதுதான். வகுப்பில் அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்துக்கொண்ட நான், வீட்டில் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை அவனோடு நானும் பாசிர் ரிஸ் பக்கம் வேலை இருப்பதாகச் சொல்லி ரயில் ஏறினேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. தஞ்சோங் பகார் தாண்டும்வரை இருவரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, “அங்க உனக்குப் பேச யாராவது இருக்காங்களாடா?” என்று கேட்டேன். “எப்படி இருக்க?” என்று கேட்டிருந்தால், “ஓகே” என்றிருப்பான். இந்தக் கேள்விக்கு அவனிடம் தயாராகப் பதில் இல்லை. பாயா லேபார் வந்தபோதுதான், “இல்லக்கா” என்றான். தூக்கம் வரவில்லை, தான் எல்லாருக்கும் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறது, அணிவகுப்பில் தன்னால்தான் மற்றவர்களுக்கும் தண்டனை என்ற நினைப்பு, வீட்டில் சொன்னால் அம்மா தாங்கமாட்டார், அப்பா கேலி செய்வார். நிலையங்கள் கடந்துகொண்டே இருந்தன. அவன் நிறுத்தவில்லை. நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. “உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?” என்று மட்டும் நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது, கேட்பதே பாதுகாப்பு என்று வகுப்பில் படித்திருந்தேன். “அந்தளவுக்கு இல்லக்கா” என்றான். எனக்குக் கை நடுங்கியது.

ராணுவத்தில் ஆலோசனைச் சேவை உண்டு. முகாம்களிலேயே முதற்கட்ட ஆலோசனைக்குப் பயிற்சி பெற்ற வீரர்களும் இருக்கிறார்கள். அது அவனுக்கும் தெரியும். ஆனால், போனால் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தான். அந்த வாரம் தன் படைப்பிரிவுத் தலைவரிடம் மட்டும் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

அப்பா சொன்ன கதை

அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. தம்பியின் அனுமதியோடு நான் சொன்னேன். அம்மா அழவில்லை. “இவ்வளவு நாள் எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன்” என்றார். தானும் தூங்குவதில்லை என்பதை அன்றுதான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

அப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை தம்பியின் சீருடைச் சட்டைக் கையை எப்படிச் சீராக மடிப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அது அவனுக்கு எப்போதோ தெரியும். மடித்துக்கொண்டே சொன்னார்: “நான் போன முதல் மாசம் கழிவறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அழுவேன். தாத்தாகிட்ட சொல்லல. உங்க பாட்டிகிட்டயும் சொல்லல. இன்னிக்குத்தான் சொல்றேன்.”

முப்பது ஆண்டுகள் அவர் அதை வைத்திருந்தார். “எங்க காலத்துல” என்று தொடங்கிய ஒவ்வொரு முறையும் அவர் சொல்லாமல் விட்டது இதைத்தான். ஆண் பிள்ளை அழக்கூடாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வாயால் அதைத் தம்பியிடம் சொல்லாவிட்டாலும் தம்பி அதைக் கற்றுக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் மாறியவை

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. சில சிறிய மாற்றங்கள்தான். அவன் வந்த முதல் இரவு யாரும் கேள்வி கேட்பதில்லை, தூங்கவிடுகிறோம். சனிக்கிழமை இரவுச் சாப்பாடு மட்டும் நால்வரும் ஒன்றாக. “சாப்பிட்டியா?” என்பதற்குப் பிறகு அம்மா இன்னொரு கேள்வி சேர்த்துக்கொண்டார்: “இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?” பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அம்மா சமூக மன்றத்தில் புதன்கிழமை யோகா வகுப்புக்குப் போகிறார். அங்கே மகன்களைச் சேவைக்கு அனுப்பிய இரு தாய்மாரைச் சந்தித்திருக்கிறார். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். மூவரும் உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதெல்லாம் புரிகிறது என்கிறார்.

தம்பி ஆலோசகரை ஐந்து முறை பார்த்தான். இப்போதும் ஞாயிறு மாலை அவனுக்குப் பிடிக்காது. ஆனால், பிடிக்கவில்லை என்று சொல்கிறான்.

வீட்டிலிருப்பவர் கவனிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் மாறியிருக்கிறதா? பிடித்ததைச் செய்வதை விட்டுவிட்டாரா? தன்னைப் பாரம் என்று பேசுகிறாரா? இந்தக் கேள்விகளைச் சேவையாளரிடம் மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் அம்மாவிடமும் மனைவியிடமும் கேட்க வேண்டும். உதவி தேவைப்பட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும், நெருக்கடி நேரத்தில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம். குடும்பத்தாரும் அழைக்கலாம். சீருடை அணிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

தேக்கோங்கில் களப்பயிற்சியின்போது வீட்டாரின் கடிதத்தைப் புதியவர்களிடம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அம்மா தமிழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். தொடக்கக் கல்லூரிக்குப் பிறகு தமிழே படிக்காத தம்பி, டார்ச் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனதாம். என்ன எழுதியிருந்தது என்று இருவரும் இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கடிதம் மடித்தபடி அவன் பணப்பையில் இருக்கிறது.

அடுத்த மாதம் அவன் புருணைக் காட்டுக்குப் பயிற்சிக்குப் போகிறான். அங்கிருந்து தினமும் பேச முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டான். “சரி, எத்தனை நாள்னு நாள்காட்டில குறிச்சுட்டுப் போ” என்றார் அம்மா. நேற்று முஸ்தபாவுக்குப் போய்த் துணிகள் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைகள் இரண்டு பெட்டி வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வோர் உறையிலும் பேனாவால் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்: காலுறை, பனியன், துண்டு.